அணையா அடுப்பும் ஆளில்லா அறையும்

வடலூர் தருமச்சாலையில் 1867 மே 23 அன்று வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. பசித்து வருகிறவர் எந்த நேரத்தில் வந்தாலும் சோறு இருக்க வேண்டும் என்பதற்காக அது எரிகிறது. நம் கல்லூரி விடுதிச் சமையலறைகளிலும் அணையா அடுப்புகள் உண்டு. அவை எரிவதற்கு அப்படி ஒரு காரணம் கிடையாது. யாரும் தோசை கேட்காத பத்தரை மணிக்கும் முழுத் தீயில் காயும் கல், மூடியே இல்லாமல் தளதளவென்று கொதிக்கும் சாம்பார் அண்டா, காலை ஐந்து மணிக்குச் சூடேறி இரவு ஒன்பது வரை சூட்டிலேயே நிற்கும் டீ பாய்லர். அணைக்கக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. அணைக்க வேண்டும் என்றும் யாரும் சொன்னதில்லை.

கல்லூரி வளாகத்தில் மின்சார சிக்கனம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது சுவிட்ச் பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்தான். 'அறையை விட்டுச் செல்லும்போது விளக்கை அணைக்கவும்.' நல்ல விஷயம்தான், தவறில்லை. ஆனால் எல்இடி டியூப் வந்த பிறகு ஒரு விளக்கு 18 அல்லது 20 வாட். அதே வளாகத்தின் சமையலறையில் ஒரு பெரிய பர்னர் மணிக்கு ஒரு கிலோ கேஸ் எரித்தால், அது கிட்டத்தட்ட 13 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம், அதாவது அறுநூறு, எழுநூறு டியூப் லைட் ஒரே நேரத்தில் எரிகிற அளவு. அந்த பர்னர் பக்கத்தில் ஸ்டிக்கர் எதுவும் கிடையாது.

உணவகங்கள் ஆற்றலை விழுங்குவது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்க அரசின் ஆற்றல் சிக்கனத் திட்டமான எனர்ஜி ஸ்டார் பல வருடங்களாகச் சொல்லிவரும் கணக்கு: ஒரே அளவு இடத்தை எடுத்துக்கொண்டால், மற்ற வணிகக் கட்டடங்களைவிட உணவகங்கள் 5 முதல் 7 மடங்கு ஆற்றல் செலவழிக்கின்றன. வகுப்பறையில் இருப்பது ஃபேனும் லைட்டும். சமையலறையில் இருப்பது தீ, நீராவி, குளிர்சாதனம், புகைபோக்கி ஃபேன், சுடுதண்ணீர், கிரைண்டர். அதுவும் ஒரு வேளைக்கு அல்ல, மூன்று வேளையும் நடுவில் டீயும்.

ஆனாலும் வளாகத்தின் ஆற்றல் கணக்கில் சமையலறை பெரும்பாலும் வராது. ஈபி பில் கல்லூரி நிர்வாகத்துக்குப் போகிறது. கேஸ் பில் மெஸ் கணக்கில் போகிறது. டிவைடிங் சிஸ்டம் உள்ள விடுதிகளில் மாதக் கடைசியில் மொத்தச் செலவைக் கூட்டி மாணவர் தலைக்கு வகுத்துவிடுவார்கள். அரிசி, பருப்பு, காய்கறி, கேஸ் எல்லாம் ஒரே கூட்டலில் கரைந்துவிடும். ஒப்பந்தக்காரர் சமைத்துக் கொடுக்கும் இடங்களில் சில விடுதிகள் கேஸை தாங்களே வாங்கிக் கொடுக்கின்றன. அங்கே அவருக்கு அதை மிச்சம்பிடிக்க வேண்டிய அவசியம் துளியும் இல்லை. ஆக, அடுப்பின் திருகைத் திருப்புபவர் ஒருவர், பில்லைப் பார்ப்பவர் இன்னொருவர், பணம் கட்டுபவர் மூன்றாமவர். இந்த மூவரும் ஒரே இடத்தில் நின்று பேசுகிற நாள் வருவதே இல்லை. நான் விடுதியில் இருந்தபோது மெஸ் கமிட்டியில் ஒரு மாதம் உட்கார்ந்திருக்கிறேன். வெங்காயம் எத்தனை மூட்டை என்று அரை மணி நேரம் சண்டை போட்டோம். சிலிண்டர் எண்ணிக்கையை ஸ்டோர் கீப்பர் வாசித்தபோது ஒருவரும் தலை நிமிரவில்லை.

சரி, அந்த கேஸ் எங்கே போகிறது என்று பார்ப்போம்.

கொதித்த பிறகு தீ எதற்கு?

பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு பாடம் இங்கே முழுசாக வேலைக்கு வருகிறது. ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக சுமார் 293 கிலோ ஜூல் போதும். அதே ஒரு லிட்டரை ஆவியாக்க 2,257 கிலோ ஜூல் வேண்டும். உள்ளுறை வெப்பம் என்று மனப்பாடம் செய்தோமே, அதுதான். ஏறக்குறைய எட்டு மடங்கு.

நூறு லிட்டர் சாம்பார் அண்டாவை வைத்துக் கணக்குப் போடலாம். ஹோட்டல் பர்னர்களில் கேஸின் வெப்பத்தில் நாற்பது சதவீதம் பாத்திரத்துக்குள் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நூறு லிட்டரையும் கொதிநிலைக்குக் கொண்டுவர சுமார் 1.6 கிலோ கேஸ் ஆகும். அதன் பிறகு மூடி போடாமல் முழுத் தீயில் விட்டு, பத்து லிட்டர் ஆவியாகப் போய்விட்டால் அதற்கு மட்டும் 1.2 கிலோவுக்கு மேல். அண்டா முழுவதையும் கொதிக்க வைத்த செலவில் முக்கால் பங்கு வெறும் ஆவியாக எக்ஸாஸ்ட் வழியே வெளியே போய்விட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், சாம்பார் அதனால் சீக்கிரம் வேகவும் இல்லை. தண்ணீர் கொதிக்க ஆரம்பித்ததும் வெப்பநிலை 100 டிகிரியில் நின்றுவிடும். மெதுவாகக் கொதித்தாலும் பொங்கிப் பொங்கிக் கொதித்தாலும் துவரம்பருப்புக்கு அதே 100 டிகிரிதான். வேகமாக வேண்டுமானால் அழுத்தம் வேண்டும். பிரஷர் குக்கரில் வெயிட் பிடித்து நிற்கும்போது உள்ளே 120 டிகிரி வரை போகிறது. அது வேறு கதை.

விறகடுப்பில் சமைத்த தலைமுறைக்கு இது தெரிந்திருந்தது. கொதி வந்ததும் விறகை வெளியே இழுத்துவிடுவார்கள், கங்கில் கிடந்து வேகும். ஆம்பூர்ப் பக்கம் பிரியாணி மாஸ்டர்கள் இன்றும் அடியில் தீயைக் குறைத்து, மூடியை இறுக்கி, அதன் மேல் கங்கைக் கொட்டி தம் போடுகிறார்கள். வெளியேறாமல் அடைக்கப்பட்ட வெப்பமே மிச்ச வேலையை முடித்துவிடுகிறது. விறகை இழுப்பது கண்ணுக்குத் தெரிகிற வேலை, கைக்கும் சூடு உறைக்கும். கேஸில் திருகைத் திருப்ப வேண்டியதுதான், ஆனால் ஒரே ஆள் நான்கு அடுப்பைப் பார்க்கும்போது எது சிம்மில் இருக்கிறது என்று யார் பார்ப்பது? அண்டாவுக்கு மூடி வாங்கிக் கொடுத்தாலும் அது சுவரோரம் சாய்ந்து நிற்கும். இரண்டு பேர் தூக்க வேண்டிய மூடியை ஒவ்வொரு முறை கிளறவும் யாரும் தூக்கமாட்டார்கள். பாதி மட்டும் திறக்கும் இலேசான மூடி செய்துகொடுத்தால் போடுவார்கள். சமையலறைச் சிக்கனத்தில் பல விஷயம் இப்படித்தான், கருவி சரியாக இருந்தால் அறிவுரை தேவைப்படாது.

வடிசோறு இன்னொரு உதாரணம். நிறைய தண்ணீரில் அரிசியைக் கொதிக்க விட்டு, கஞ்சியை வடித்துக் கொட்டுகிறோம். ஐம்பது லிட்டர் கொதிக்கும் கஞ்சி சாக்கடையில் போனால் முக்கால் கிலோவுக்கு மேல் கேஸ் அதோடு போகிறது. இதற்காக வடிப்பதை நிறுத்தச் சொன்னால் மெஸ்ஸில் கலகம்தான் வரும், நானே முதல் ஆளாக நிற்பேன். அரிசியை அரை மணி நேரம் ஊறவைப்பது, தேவைக்குமேல் தண்ணீர் வைக்காதது என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம்.

தோசைக்கல் கொஞ்சம் சிக்கலானது. தடித்த இரும்புக் கல் சூடேற இருபது நிமிடம்கூட ஆகும். அடுத்த ஆர்டர் எப்போது வரும் என்று தெரியாததால் மாஸ்டர் அதை அணைக்கத் துணியமாட்டார், அதில் நியாயம் உண்டு. நீளமான கல்லுக்கு அடியில் இரண்டு, மூன்று பர்னர் இருக்கும். கூட்டமில்லாத நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் எரிய விட்டு மறுபக்கத்தை நிறுத்தலாம். அதற்குத் தனித்தனித் திருகு வேண்டும். கல் வாங்கும்போதே கேட்டால்தான் கிடைக்கும். வாங்குகிறவரோ அலுவலகத்தில் உட்கார்ந்து மூன்று கொட்டேஷன் ஒப்பிட்டு, மலிவானதில் கையெழுத்துப் போடுகிறவர்.

டீ பாய்லரைப் பற்றி ஒரு சின்ன ரசனை. டீ மாஸ்டர்கள் புளி போட்டு அதைப் பளபளவென்று தேய்த்து வைப்பது அழகுக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். பளபளப்பான உலோகம் வெப்பத்தைக் கதிராக வெளியே விடுவது மிகக் குறைவு. கரிபிடித்த பாய்லரைவிடத் தேய்த்த பாய்லர் சூட்டைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்து வைத்திருக்கும். மாஸ்டருக்கு இயற்பியல் தெரியுமோ தெரியாதோ, பாய்லருக்குத் தெரியும்.

கேஸா, கரண்டா?

வீட்டு கேஸ் அடுப்புக்கு இந்தியத் தர விதி கேட்கும் குறைந்தபட்ச வெப்பத்திறன் 68 சதவீதம். அது ஆய்வகத்தில், சரியான பாத்திரத்தில், அளந்து பார்த்த எண். பெரிய சமையலறையில் தீ பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி மேலே ஏறுகிறது, பர்னர் கண்கள் அடைத்துத் தீ நாக்கு மஞ்சளாக எரிகிறது, ஃபேன் காற்று தீயைச் சாய்க்கிறது. திறன் நாற்பதுக்கு இறங்கினால் ஆச்சரியமில்லை. இண்டக்‌ஷனில் 85 சதவீதம் வரை பாத்திரத்துக்குள் போகிறது.

19 கிலோ வணிக சிலிண்டர் விலை மாதத்தின் முதல் தேதி மாறிக்கொண்டே இருக்கும். கணக்குக்கு எளிதாக 1,900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கிலோ 100 ரூபாய். ஒரு கிலோவில் இருப்பது 12.8 யூனிட் வெப்பம். நாற்பது சதவீதத் திறனில் பாத்திரத்துக்குள் போவது ஐந்து யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். அதாவது உள்ளே போகிற ஒரு யூனிட் வெப்பத்துக்கு ஏறக்குறைய 20 ரூபாய். மின்சாரம் யூனிட் 9 ரூபாய் என்று வைத்தால், இண்டக்‌ஷனில் அதே ஒரு யூனிட் 11 ரூபாய்க்குள் முடிந்துவிடும். கேஸ் பர்னரை நன்றாகப் பராமரித்து அறுபது சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் 13 ரூபாய். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: இண்டக்‌ஷன் வாங்குவதற்கும் நன்றாகப் பராமரித்த கேஸ் பர்னரிலேயே தொடர்வதற்கும் உள்ள வித்தியாசத்தைவிட, மோசமான பர்னருக்கும் நல்ல பர்னருக்கும் உள்ள வித்தியாசம் பெரியது. இரும்பு பிரஷ்ஷும் ஒரு மணி நேரமும் இருந்தால் இதில் பெரும் பகுதியைச் சாதித்துவிடலாம். ஆனால் 'பர்னர் சுத்தம் செய்தோம்' என்று திறப்பு விழா நடத்த முடியாது, அதுதான் பிரச்சினை.

இண்டக்‌ஷனுக்கு இன்னொரு நன்மை உண்டு, அது கணக்கில் வராது. கேஸில் பாத்திரத்துக்குள் போகாத அறுபது சதவீதமும் அந்த அறைக்குள்தான் வருகிறது. சமைப்பவர் அதில்தான் நிற்கிறார். மே மாதத்து மதியம் ஒரு விடுதிச் சமையலறைக்குள் ஐந்து நிமிடம் நின்று பார்த்தவர்கள், வேலைக்கு ஆள் நிற்பதில்லை என்று வார்டன் புலம்புவதை வேறு விதமாகக் கேட்பார்கள்.

அதற்காக எல்லா அடுப்பையும் மாற்றிவிடலாம் என்று சொல்லவில்லை. ஃப்ரைட் ரைஸ் போடும் சைனீஸ் பர்னருக்கு ஈடாக ஒன்றை மாஸ்டர் ஒப்புக்கொள்வது கடினம். இருக்கிற அலுமினிய அண்டாக்கள் இண்டக்‌ஷனில் வேலை செய்யாது. பிறகு, ஐம்பது கிலோவாட் அடுப்பு கூடினால் வளாகத்தின் உச்சத் தேவையும், அதாவது ஒரே நேரத்தில் இழுக்கும் அதிகபட்ச மின்சாரமும், கூடும். பெரிய வளாகங்களுக்குக் கொடுக்கும் உயரழுத்த இணைப்புக்கு யூனிட் கட்டணம் தனி, அந்த உச்சத் தேவைக்கான டிமாண்ட் கட்டணம் தனி. உச்சத் தேவையை அளக்கும் அலகான கேவிஏ ஒன்றுக்கு மாதம் ஐந்நூறு ரூபாய்க்கு மேல். இண்டக்‌ஷன் கணக்குப் போடுபவர்கள் இதை விட்டுவிட்டுத்தான் பெரும்பாலும் கணக்குப் போடுகிறார்கள். கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடினால் ஒரு லிட்டர் டீசலுக்கு மூன்று, மூன்றரை யூனிட்தான் வரும். அந்த மின்சாரத்தில் சாம்பார் வைப்பது சாம்பாருக்குத் தகாது.

சூரிய ஒளி? அதற்கு நம் பக்கத்திலேயே முன்னோடிகள் உண்டு. ஆரோவில்லின் சோலார் கிச்சன் கூரையில் 15 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. கிண்ணம் அசையாது, அதற்கு மேல் தொங்கும் கொதிகலன் குழாய்தான் சூரியனுக்கு ஏற்ப நகர்கிறது. வெயில் நன்றாக அடிக்கும் நாளில் அந்த நீராவியில் ஆயிரம் பேர் அளவுக்குச் சமைக்கும்படி அதை அமைத்தார்கள், மேகம் சூழ்ந்தால் துணைக்கு வழக்கமான பாய்லர். திருமலையில் 2002-இல் 106 குழிக்கண்ணாடித் தட்டுகளைக் கொண்டு அன்னதானச் சமையலுக்கு நீராவி எடுத்தார்கள். அப்படியிருந்தும் கல்லூரி விடுதிகளில் இது பரவவில்லை. கண்ணாடியை விடாமல் துடைக்க வேண்டும், நிறைய இடம் வேண்டும் என்று பல காரணம் சொல்வார்கள். எனக்குத் தோன்றுவது எளிமையான ஒன்று: விடுதியில் இட்லிக் கொப்பரை ஏறுவது காலை ஐந்து மணிக்கு. சூரியன் அப்போது வேலைக்கு வருவதில்லை. மதியச் சாப்பாடு மட்டும் போடுகிற அன்னதானக் கூடத்துக்குப் பொருந்துவது மூன்று வேளை மெஸ்ஸுக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை. இன்றைக்கு அதே கூரையில் சோலார் பேனல் போட்டு, பகலில் வருகிற மின்சாரத்தை வளாகம் முழுக்கப் பயன்படுத்துவது சுலபம்.

வீசி எறியும் சூடு

சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் காலையில் போட்டால் இரவில்தான் அணையும், எப்போதும் ஒரே வேகம். தீ எரியாத நேரத்திலும் ஓடும். ஃபேனுக்கு ஓர் அழகான விதி உண்டு: வேகத்தைக் குறைத்தால் அது இழுக்கும் மின்சாரம் வேகத்தின் மூன்றாம் அடுக்கில் குறையும். வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தாலே மின்சாரம் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். அதற்கு டிரைவ் என்ற வேகக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றை மோட்டாரில் மாட்டினால் போதும். பெரிய விரயம் அதுவல்ல. அந்த ஃபேன் வெளியே தள்ளுகிற காற்றுக்கு ஈடாக எங்கிருந்தோ காற்று உள்ளே வர வேண்டும். சமையலறைக்கு ஜன்னல் சரியாக இல்லையென்றால் அது பரிமாறும் ஜன்னல் வழியாக டைனிங் ஹாலிலிருந்து வரும். டைனிங் ஹாலில் ஏசி ஓடினால் காசு கொடுத்துக் குளிரவைத்த காற்றை உறிஞ்சி வானத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம். ஹாலில் குளிர் பத்தவில்லை என்று இன்னொரு ஏசி மாட்டிய இடங்களைப் பார்த்திருக்கிறேன். சமையலறைக்கு வெளிக்காற்று வர ஒரு ஓட்டை போட்டிருந்தால் முடிந்திருக்கும்.

இதைவிடச் சுவாரசியமானது, ஒரே சுவரின் இரண்டு பக்கங்களில் நடப்பது. ஒரு பக்கம் காய்கறியும் பாலும் வைக்கும் குளிர் அறை. அதன் கம்ப்ரஸர் சூட்டை வெளியே துப்புகிறது. மறுபக்கம் பாத்திரம் கழுவ ஒரு கீசர், தண்ணீரைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறது. ஒருவர் சூட்டை வீசுகிறார், பக்கத்திலேயே இன்னொருவர் சூட்டைக் காசு கொடுத்து வாங்குகிறார். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் தன் வளாகம் முழுவதிலும் இதே முட்டாள்தனம் நடப்பதைக் கவனித்தது. ஒரு கட்டடத்தைக் குளிரவைத்து வெப்பத்தைக் குளிர்விப்புக் கோபுரங்கள் வழியே வெளியேற்றிய அதே நேரத்தில், வேறு கட்டடங்களுக்கு எரிவாயுவை எரித்து வெப்பம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2015-இல் பழைய எரிவாயு நிலையத்தை மூடிவிட்டு, வீணாகும் வெப்பத்தைப் பிடித்துச் சுடுதண்ணீராக மாற்றி அனுப்பும் ஏற்பாட்டுக்கு மாறினார்கள். நியூயார்க் மாநிலத்தின் கார்னெல் பல்கலைக்கழகம் 2000-இலேயே பக்கத்து ஏரியின் ஆழத்துக் குளிர்ந்த நீரைக் கொண்டு வளாகத்தைக் குளிரவைக்கத் தொடங்கியது. நம்மிடம் அப்படிப்பட்ட ஏரி இல்லை, கட்டடத்தைச் சூடாக்கும் தேவையும் இல்லை. ஆனால் விடுதிக் குளியலறைக்கும் பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் சுடுதண்ணீர் வேண்டும்.

ஐந்நூறு பேர் விடுதியில் ஆளுக்கு 20 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 45-க்குக் கொண்டுபோவதாக வைத்துக்கொண்டால் ஒரு நாளுக்கு ஏறக்குறைய 200 யூனிட். கீசர் அத்தனையும் இழுக்கும். ஹீட் பம்ப் என்றால் வெளிக்காற்றின் சூட்டை அள்ளிக்கொண்டு வருவதால் மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் போதும். கூரையில் சோலார் வாட்டர் ஹீட்டர் இருந்தால் பெரும்பாலான நாட்களில் அதுவும் வேண்டாம். ஆனால் ஒன்று, எந்த விடுதியில் பார்த்தாலும் சோலார் டேங்கிலிருந்து கடைசி அறைக்குப் போகும் குழாய் வெறும் குழாயாகத்தான் இருக்கும், மேலே எந்த உறையும் இல்லாமல். பையன்கள் பச்சைத் தண்ணீர் போகட்டும் என்று ஐந்து நிமிடம் திறந்து விட்டுக் காத்திருப்பார்கள்.

மிச்ச உணவை பயோகேஸ் ஆக்குவது பற்றி எல்லா வளாகமும் பேசுகிறது. பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய நிசர்கருணா போன்ற அமைப்புகள் நன்றாகவே வேலை செய்கின்றன. அளவைப் பாருங்கள்: நூறு கிலோ ஈரமான உணவுக் கழிவிலிருந்து எட்டு முதல் பத்து கன மீட்டர் பயோகேஸ் வரலாம், அது நான்கு கிலோ சிலிண்டர் கேஸுக்கு ஈடு. நூறு கிலோ சோற்றையும் குழம்பையும் சமைக்க எரித்த கேஸ், அந்த நெல்லுக்கு இறைத்த தண்ணீர், போட்ட உரம் எல்லாம் போக, நான்கு கிலோ. குப்பைக்குப் போவதைவிட நல்லதுதான். கொட்டாமல் இருப்பது அதைவிட எத்தனையோ மடங்கு நல்லது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எத்தனை பேர் ஊருக்குப் போகிறார்கள் என்று மாணவர்கள் முன்கூட்டிக் குறித்துச் சொல்லும் ஒரு நோட்டு, பயோகேஸ் கலனைவிட அதிக கேஸ் மிச்சம் பிடிக்கும்.

இரவு இரண்டு மணி மீட்டர்

சமையலறையை விட்டு வளாகத்துக்கு வந்தால் கேள்வி மாறுகிறது. எது அதிகம் இழுக்கிறது என்பதைவிட, யாரும் இல்லாதபோது எது இழுக்கிறது என்று கேட்க வேண்டும். பேனல் ரூமுக்குப் போய் இரவு இரண்டு மணிக்கு மீட்டரைப் படித்துப் பார்த்தால் வளாகத்தின் சுபாவம் தெரிந்துவிடும். வகுப்பு இல்லை, அலுவலகம் இல்லை, ஆனாலும் மீட்டர் ஓடும். விடுதி ஃபேன்கள், தெருவிளக்கு, சர்வர் அறை, குடிநீர்க் கூலர்கள், ஆய்வகக் குளிர்பெட்டிகள்.

உயிரியல் துறைகளில் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர்கள் இருக்கும். பழைய மாடல் ஒன்று ஒரு நாளுக்கு இருபது யூனிட் வரை இழுக்கும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கொடுக்கும் நூறு யூனிட்டை அது ஐந்து நாளில் முடித்துவிடும். பல வகை மாதிரிகளுக்கு மைனஸ் 70 போதும் என்று உலகம் முழுவதும் பல ஆய்வகங்கள் மாறிவருகின்றன. அந்தப் பத்து டிகிரியில் மட்டும் முப்பது சதவீதம் அளவுக்கு மின்சாரம் மிச்சம். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத ஃப்ரீசர்கள் வேறு. படித்து முடித்துப் போன மாணவரின் மாதிரிகள், எழுத்து அழிந்த லேபிள், தொட யாருக்கும் தைரியம் இல்லை. அதுவும் ஓர் அணையா அடுப்புதான், தலைகீழாக.

ஃபேன் விஷயம் நேரடியானது. பழைய சீலிங் ஃபேன் 75 வாட், பிஎல்டிசி எனப்படும் புதிய வகை மோட்டார் உள்ள ஃபேன் 30 வாட் அளவில் முடிந்துவிடும். ஆயிரம் ஃபேன் ஒரு நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் மிச்சம் 450 யூனிட். ஃபேன் விலை மூவாயிரம் ரூபாய் என்று போட்டாலும் விடுமுறை நாட்களையும் கழித்து மூன்று வருடத்துக்குள் பணம் திரும்பிவிடும். நம் வெயிலில் இதைவிட உறுதியான முதலீடு எனக்குத் தெரியவில்லை. முதலில் மாற்ற வேண்டியவை இரவெல்லாம் ஓடுகிற விடுதி ஃபேன்கள். வாரத்துக்கு ஒரு கூட்டம் நடக்கும் கருத்தரங்கக் கூடத்து ஃபேன்கள் அல்ல. நடப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான், விருந்தினர் கண்ணில் படுவது அது என்பதால்.

ஏசியில் ஒவ்வொரு டிகிரி கூட்டி வைத்தாலும் ஆறு சதவீதம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்கிறது. 2020 ஜனவரியிலிருந்து நட்சத்திரக் குறியீட்டு அறை ஏசிகள் 24 டிகிரியில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்ற விதியும் வந்துவிட்டது. ஆரம்பிப்பது அதில்தான். ரிமோட் கைக்கு வந்ததும் பதினெட்டு. ஆனால் வளாகத்தில் ஏசியைவிடப் பெரிய கருவி ஒன்று இருக்கிறது, அதற்கு மின்சாரமே வேண்டாம்: டைம்டேபிள். சனிக்கிழமை மூன்று சிறப்பு வகுப்புகள் மூன்று வெவ்வேறு கட்டடங்களில் நடந்தால் மூன்று கட்டடத்தின் ஏசியும் ஓடும். ஒரே கட்டடத்தில் ஒரே தளத்தில் போட்டால் ஒன்று போதும். டைம்டேபிள் போடுகிற பேராசிரியரிடம் ஈபி பில்லை யாரும் காட்டியதில்லை. சிலிண்டர் எண்ணிக்கை மாஸ்டருக்குத் தெரியாதது போலவே இவருக்கு யூனிட் தெரியாது.

ஆகவே முதல் செலவு சப்-மீட்டராகத்தான் இருக்க வேண்டும். கட்டடத்துக்கு ஒன்று, சமையலறைக்குத் தனியாக ஒன்று, கேஸ் குழாயில் ஒன்று. குழாய் இணைப்பு இல்லாத இடத்தில் சிலிண்டரை மாட்டும்போதும் கழற்றும்போதும் எடை போட்டு நோட்டில் எழுதினாலே போதும். மாதம் எத்தனை சிலிண்டர் என்று கேட்பதைவிட, ஆயிரம் சாப்பாட்டுக்கு எத்தனை கிலோ என்று கேட்பது நல்லது. மாணவர் எண்ணிக்கை ஏறி இறங்கினாலும் அந்த எண் பொய் சொல்லாது. அதை அலுவலகக் கோப்பில் வைக்காமல் சமையலறைச் சுவரில் எழுத வேண்டும், சாக்பீஸில், மாஸ்டர் பார்க்கிற உயரத்தில். மிச்சமானதில் ஒரு பங்கு சமையல்காரர்களுக்குப் போகும் என்று சொல்லிவிட்டால் மூடிகள் தானாக அண்டா மேல் ஏறும். இப்படிச் சொன்னால் தணிக்கையில் ஆட்சேபம் வரும் என்பார்கள். ஆவியாகப் போன கேஸுக்கு எந்தத் தணிக்கையிலும் ஆட்சேபம் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

கடைசியாக மே மாதம். விடுதி காலி, மெஸ் மூடியாகிவிட்டது, வகுப்பறைகளில் புறா மட்டும். அந்த மாத ஈபி பில்லை எடுத்துப் பார்த்தால் யூனிட் குறைந்திருக்கும், தொகை எதிர்பார்த்த அளவு குறைந்திருக்காது. தமிழ்நாட்டில் உயரழுத்த இணைப்புக்கு, உண்மையில் எட்டிய உச்சத் தேவை அல்லது ஒப்பந்தத் தேவையில் (மின்வாரியத்திடம் கேட்டு வாங்கிய அளவில்) 90 சதவீதம், இதில் எது அதிகமோ அதற்கு டிமாண்ட் கட்டணம் கட்ட வேண்டும். என்றோ பெரிய திட்டத்தோடு 1,000 கேவிஏ கேட்டு வாங்கிவிட்டு, வருடத்தின் எந்த நாளிலும் 600-ஐத் தாண்டாத கல்லூரி, பன்னிரண்டு மாதமும் 900-க்குக் கட்டிக்கொண்டிருக்கும். ஃபேன், ஏசி, விளக்கு என்று எல்லாவற்றையும் மாற்றிச் சேமித்தாலும் பில்லில் இந்தத் தொகை அசையாது. ஒப்பந்தத் தேவையைக் குறைக்கச் சொல்லி மின்வாரியத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு முன் கடந்த பன்னிரண்டு பில்லிலும் உச்சத் தேவை என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று யாராவது வரிசையாக எழுதிப் பார்க்க வேண்டும்.